ஓவர்சீஸ் என்று எழுதிய பனியன்

மே மாதம் வந்தால் பெரியகுளத்துக்குப் போய்விடுவோம். வீட்டில் மாம்பழம் என்று சொல்லிக்கொள்வது. கான்சாபுரத்திலிருந்து வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில், பிறகு டி.கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, தேனி என்று பஸ் மாறி மாறிப் போய் இறங்கும்போது விளக்குப் போட்டிருப்பார்கள். சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி. பி.டி.சிதம்பர சூரியநாராயணன் நினைவுக் கோப்பை. தேருக்குக் கூடுவதுபோல் ஜனம் கூடும். கேலரியில் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, வேர்க்கடலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, பஞ்சாபிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த ஆறரையடி ஆட்களைப் பார்ப்போம். ஆட்டம் புரியாத பெரியவர்கள்கூட ஃப்ரீ த்ரோ போடும்போது பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

என்னைக் கூட்டிப்போவது என் பெரியம்மா மகன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். எங்கள் பக்கத்தில் அவர் உயரத்துக்கு ஆள் கிடையாது. வத்திராயிருப்பில் பள்ளிக்கூடத்துப் பி.டி. வாத்தியார் பட்டறையில் சொல்லி அடித்து வாங்கிய இரும்பு வளையத்தில், மண் தரையில், ரப்பர் பந்தை வைத்துக்கொண்டு ஆட்டம் பழகியவர். மண்ணில் பந்து ஒழுங்காக எழும்பாது. அதனால் தட்டிக்கொண்டு ஓடுவதைக் குறைத்து, பாஸ் கொடுத்து ஆடுவதில் எங்கள் ஊர்ப் பையன்கள் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். ராஜபாளையத்துக்கு ஆடப் போனால் சிமெண்ட் தரை. முதல் பத்து நிமிஷம் பந்து எங்களை மீறி எழும்பும்.

அந்தப் பெரியகுளத்து இரவுகளில் எனக்கு ஆட்களைவிட ஒரு பனியன்தான் கண்ணில் நிற்கிறது. முதுகில் எண். நெஞ்சில் 'இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்' என்று ஆங்கில எழுத்து. நடுவில் இருக்கும் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"கடலுக்கு அங்கிட்டுடா," என்றார் அண்ணன்.

அந்தப் பனியனைப் போட்டவர்கள் எல்லாரும் கடலுக்கு அங்கிட்டும் போய் ஆடுகிறவர்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது பத்து வயது. அவர்களில் ஒருவர் கால் மடக்கி உட்கார்ந்து ஷூவின் கயிற்றை இறுக்கிக் கட்டியதைக்கூடக் கப்பல் ஏறப்போகிறவரைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

அந்தச் சொல் பனியனுக்கு வந்த கதையைப் பிறகு படித்தேன். எம்.சி.டி.எம்.சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறந்த வங்கி அது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் பணம் போய் வருவதற்காக வைத்த பெயர். பணத்துக்குத் திறந்த அந்த வழியில் பந்தாட்டக்காரன் போகவில்லை.

பெரியகுளத்து மைக்கில் கேட்ட பெயர்களை இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். இந்தியன் வங்கி. ஐ.சி.எஃப். இந்தியக் கடற்படை. விமானப்படை. கேரள மின்வாரியம். ஓ.என்.ஜி.சி. பஞ்சாப் போலீஸ். வருமான வரித்துறை. எல்லாமே அலுவலகங்கள். உலகத்தின் பெரும்பகுதியில் ஓர் அணிக்கு முன்னால் ஊரின் பெயர் நிற்கும். ஊர்க்காரன் டிக்கெட் வாங்குவான், தோற்றால் திட்டுவான், அந்த உறவில்தான் ஆட்டக்காரனுக்குச் சம்பளம். நம் நாட்டில் அணிக்கு முன்னால் நிற்பது முதலாளியின் பெயர். கூடைப்பந்துக்கு இங்கே மிச்சமிருப்பது அந்த வழி ஒன்றுதான்.

இந்த ஆட்டம் நம்மிடம் வந்த விதத்திலேயே அதற்கான காரணம் இருக்கிறது. 1891இல் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு ஊரின் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே ஆடுவதற்காக உண்டாக்கிய ஆட்டம். அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்து வெளிவந்த உடற்கல்வி ஆசிரியர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் நுழைந்த ஆட்டம், பள்ளிக்கூடத்துப் பாடம் எங்கே கொண்டுபோய் விடுமோ அங்கேதான் கொண்டுபோய் விட்டது. வேலையில்.

பி.டி. வாத்தியார்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழி நேரானது. மாவட்டத்துக்கு ஆடு, மாநிலத்துக்கு ஆடு, தேசியப் போட்டியில் ஒரு தடவை கோர்ட்டில் இறங்கு, 'ஃபார்ம் டூ' வாங்கு. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தச் சான்றிதழின் பெயர் தாய்மொழிபோல. பன்னாட்டுப் போட்டிக்கு ஃபார்ம் ஒன், தேசியப் போட்டிக்கு டூ, பல்கலைக்கழகங்களுக்கு இடையே என்றால் த்ரீ, பள்ளி தேசியப் போட்டிக்கு ஃபோர். ஒரு பையனின் பன்னிரண்டு வருஷத்து வியர்வை அந்த நான்கு தாள்களில் ஏதாவது ஒன்றில் போய் உட்காரும். அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாடு 3 விழுக்காடு ஒதுக்குகிறது. ரயில்வேயும் வங்கிகளும் தனியாக ஆள் எடுக்கின்றன.

இதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. இந்த வழி இல்லாவிட்டால் எங்கள் ஊர்களில் ஒரு பெண் பிள்ளையும் அரை டிராயரோடு மைதானத்தில் இறங்கியிருக்க மாட்டாள். அனிதா பால்துரையை எடுத்துக்கொள்ளுங்கள். 1985இல் சென்னையில் பிறந்தவர். பதின்பருவம் முடிவதற்குள் தேசிய அணிக்கு வந்தவர், இந்தியாவின் தலைவியாக ஆடியவர், குழந்தை பெற்ற பிறகு மறுபடி கோர்ட்டுக்குத் திரும்பியவர், 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். தெற்கு ரயில்வேயின் வேலை அவருக்குக் கீழே தரைபோல இருந்தது. தரை இருந்தால்தான் குதிக்க முடியும்.

நான் யோசிப்பது குதித்தவரின் தலைக்கு மேலே இருந்த கூரையைப் பற்றி.

இருபத்திரண்டு வயதில் வேலை கிடைக்கிறது. காலையில் பயிற்சி, மதியத்துக்கு மேல் அலுவலகம், வருஷத்துக்குச் சில போட்டிகள். அடுத்த ஆண்டும் அதே அணி, அதே பயிற்சியாளர், எதிரில் அதே ஆட்கள். முப்பத்தைந்து வயதில் முழங்கால் போனபின் கவுன்டரில் முழுநேரம் உட்கார்ந்துவிடலாம். அறுபதில் ஓய்வு. இந்த வாழ்க்கையில் பசி கிடையாது. தன்னைவிடப் பெரிய ஆட்டக்காரனிடம் அடிபட்டுக் கற்றுக்கொள்ளும் நாளும் கிடையாது.

கடலுக்கு அங்கிட்டு இருக்கும் வாழ்க்கை வேறு மாதிரி. அமெரிக்காவின் என்.பி.ஏ.வில் மின்னுகிறவர்களை விட்டுவிடுங்கள்; அது சில நூறு பேரின் உலகம். அந்த வாசல் வரை போய் உள்ளே இடம் கிடைக்காதவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்கள் ஒவ்வொரு வருஷமும் ஒரு நாட்டில் ஆடுகிறார்கள். இந்த ஆண்டு துருக்கி, அடுத்த ஆண்டு தைவான், பிறகு ஜப்பானில் இரண்டாம் நிலை லீக். எட்டு மாத ஒப்பந்தம், கிளப் கொடுக்கும் வீடு, போக வர விமானச் சீட்டு. வெளிநாட்டு ஆட்டக்காரன் ஓர் அணிக்கு இத்தனை பேர்தான் என்று பெரும்பாலான லீக்குகளில் கணக்கு இருப்பதால், வந்தவன் உள்ளூர்க்காரனைவிட இரண்டு மடங்கு ஆடியாக வேண்டும். நான்கு ஆட்டம் சொதப்பினால் அடுத்த விமானத்தில் இன்னொருவன் வந்து இறங்குவான். ஒரு நாட்டின் சம்மேளனத்திலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாறும்போதெல்லாம் 'லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ்' என்ற அனுமதித் தாள் வேண்டும். கிளப் சம்பளம் கொடுக்காமல் ஏமாற்றினால் முறையிடுவதற்காக 2007 முதல் ஜெனீவாவில் தனித் தீர்ப்பாயமே இயங்குகிறது. தனியாகத் தீர்ப்பாயம் வைக்கும் அளவுக்கு அந்த ஏமாற்று நடக்கிறது என்பதை ஒப்பந்தம் போடுகிற பையன் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வாழ்க்கைக்குப் போன இந்தியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பஞ்சாபின் பல்லோ கே என்ற சின்னக் கிராமத்திலிருந்து போன சத்நாம் சிங், 2015 ஜூனில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணியால் 52ஆவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். என்.பி.ஏ.வுக்கு இப்படித் தேர்வான முதல் இந்தியர். ஏழடி இரண்டங்குலம். நாடே கொண்டாடியது. அவர் என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. அதற்குக் கீழே உள்ள லீக்கில் டெக்சஸ் லெஜண்ட்ஸ் அணியில் இரண்டு பருவம் ஆடினார், பெரும்பாலும் பெஞ்சில். பிறகு இந்தியாவுக்கு வந்து இங்கே முளைத்த யூ.பி.ஏ. லீக்கில் ஆடினார். அதன்பின் கனடாவில், அட்லாண்டிக் கடலின் ஓரத்தில் பனி கொட்டும் செயின்ட் ஜான்ஸ் ஊரின் அணியில். பிறகு அமெரிக்காவில் மல்யுத்த மேடை ஏறினார். பத்திரிகைகளில் அவர் கதை 'வாய்ப்பைத் தவறவிட்டவர்' என்று வந்தது. நான் அப்படிப் படிக்கவில்லை. உழவர் வீட்டுப் பிள்ளை ஒருவர் கிடைத்த கோர்ட்டில் எல்லாம் இறங்கி, கடல் ஓரம் வரை போய்ப் பார்த்திருக்கிறார்.

அமிர்தபால் சிங் இன்னொரு பஞ்சாபி. கபடி ஆடிக்கொண்டிருந்து பிந்தித்தான் கூடைப்பந்துக்கு வந்தவர். அவரும் சண்டிகரின் அம்ஜ்யோத் சிங்கும் ஜப்பானில் டோக்கியோ எக்ஸலென்ஸ் அணியில் ஆடினார்கள். 2017இல் அமிர்தபால் சிட்னி கிங்ஸுக்குப் போக, அம்ஜ்யோத் அமெரிக்காவில் ஓக்லஹோமா சிட்டி புளூ அணிக்குப் போனார். 2014இல் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் சீனாவை 65-58 என்று இந்தியா வென்றதே, அந்த அணியில் இந்த இருவரும் இருந்தார்கள். சீனாவை நாம் கூடைப்பந்தில் அதற்கு முன் வென்றதில்லை. அப்படி ஒரு இரவைக் கண்டவர்களுக்கு அலுவலகப் போட்டி போதாமல் போனது இயல்பு.

அமெரிக்காவின் அந்தக் கீழ் லீக்கில் 2018-19 பருவத்துக்குச் சம்பளம் 35,000 டாலர், ஐந்து மாதத்துக்கு. அதே பருவத்தில் என்.பி.ஏ.வில் புதிதாக நுழையும் ஒருவனின் குறைந்தபட்சச் சம்பளம் 8,38,464 டாலர். இரண்டுக்கும் நடுவில் ஒரு அழைப்பு மட்டும்தான். அந்த அழைப்புக்காகவே பலர் ஐந்தாறு வருஷம் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் ஆடுகிறார்கள்.

இந்த மாதிரி ஆட்டக்காரனுக்குத் தமிழில் ஒரு சொல் கிடைக்காமல் நான் வெகுநாளாகத் தவித்திருக்கிறேன். 'நாடோடி' என்றால் அலைச்சல் மட்டும் தெரிகிறது, தொழில் தெரியவில்லை. 'கூலிக்கு ஆடுகிறவன்' என்பதில் ஒரு இழிவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பங்குனிப் பொங்கலில்தான் விடை கிடைத்தது. கோவில் திடலில் ஸ்பெஷல் நாடகம் போட்டிருந்தார்கள். வள்ளி திருமணம். ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்துக்கொண்டு நின்றேன். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், பபூன் வேறு ஊர், ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் வேறு வேறு ஊர். ஒவ்வொரு பெயருக்கு முன்னும் ஊர்ப்பெயர், பட்டம்போல.

நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது. ஒவ்வொரு நடிகரிடமும் தனித்தனியாகத் தேதி வாங்குவார்கள். சிலர் அன்றைக்கு ராத்திரி மேக்கப் போடும் இடத்தில்தான் முதன்முதலாக முகம் பார்த்துக்கொள்வார்கள். ஒத்திகை இல்லை. ஆனாலும் பத்து மணிக்கு மேடை ஏறி விடியும்வரை ஆடுவார்கள். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் வரும்போது இருவரும் பத்து வருஷம் சேர்ந்து ஆடியவர்கள்போல் இருக்கும். எப்படி முடிகிறது? சங்கரதாஸ் சுவாமிகள் போட்ட கதைச்சட்டம் எல்லாருக்கும் மனப்பாடம். அந்தச் சட்டத்துக்குள் எதிராளி எந்தப் பாட்டை எடுத்தாலும் பதில் தெரியும். விடிந்ததும் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். அடுத்த ராத்திரி அடுத்த ஊர், அடுத்த வள்ளி.

வெளிநாட்டில் ஊர் மாறி ஆடும் கூடைப்பந்துக்காரனும் இதே தொழில்தான் செய்கிறான். திங்கள் கிழமை விமானத்தில் இறங்கி, புதன் கிழமை மொழி தெரியாத நான்கு பேரோடு கோர்ட்டில் நிற்கிறான். ஒருவன் வந்து மறைத்து நின்றால் இன்னொருவன் எந்தப் பக்கம் வெட்டிப் போவான் என்பது எல்லா நாட்டிலும் ஒரே பாடம். வளையம் எல்லா ஊரிலும் பத்தடி. மற்றது அவன் கையில். ஸ்பெஷல் நாடகக்காரரை 'அவர் எந்தக் கம்பெனியிலும் நிலைக்கவில்லை' என்று நாம் குறை சொல்வதில்லை. எத்தனை ஊரில் தேதி இருக்கிறது என்பதுதான் அவருடைய தகுதி. மாசியிலிருந்து ஆடிவரை தேதி நிறைந்திருந்தால் அவர் பெரிய நடிகர். அந்தக் கணக்கில் பல நாட்டில் ஆடிய அமிர்தபால்களும் சத்நாம்களும் தேதி நிறைந்த கலைஞர்கள். நிறைய ஊரில் கேட்டு வாங்கப்பட்டவர்கள்.

கான்சாபுரம் என்ற எங்கள் ஊர்ப்பெயருக்குள்ளேயே இப்படி ஒருவர் இருக்கிறார். கான் சாகிபு என்ற யூசுப் கான். பனையூரில் மருதநாயகமாகப் பிறந்து, படைத்தொழில் ஒன்றையே கையில் வைத்துக்கொண்டு, எஜமானர்கள் மாறி மாறி, மதுரைச் சீமையை ஆளும் இடத்துக்கு வந்தவர். கடைசியில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்று 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார். அவர் உடலின் துண்டுகள் எந்தெந்த ஊருக்குப் போயின என்று பட்டியல் சொல்வார்கள். ஒரு கால் பெரியகுளத்துக்கு என்பார்கள். பெரியகுளத்துக் கேலரியில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் எனக்கு இதைச் சொல்லியிருக்கிறார். வந்து தங்கிப் போன ஒரு படைவீரனின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்ட மண், ஊர் மாறித் தொழில் செய்கிறவனை அந்நியமாக நினைத்திருக்காது என்று எனக்குத் தோன்றும்.

ஆண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். கடல் தாண்டிப் போனதில் என்னை அதிகம் அசைத்தது இரண்டு பெண்களின் கதை. இரண்டும் மெல்பர்ன் நகரத்தில் வந்து சேர்கின்றன.

முதலாமவர் கீது அன்னா ஜோஸ். கோட்டயம் பக்கம் கொல்லாடு என்ற ஊர். ஆறடி இரண்டங்குலம். தெற்கு ரயில்வேயின் ஆட்டக்காரர். அந்த வகையில் சென்னைக்காரர் என்று நாமும் உரிமை கொண்டாடலாம். 2006 முதல் 2008 வரை மெல்பர்னின் புறநகரான ரிங்வுட்டின் அணிக்கு, விக்டோரியா மாநில லீக்கில் ஆடினார். ஆஸ்திரேலிய லீக்கில் ஆடிய முதல் இந்தியப் பெண். 2011இல் அமெரிக்காவின் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், சான் அன்டோனியோ என்று மூன்று அணிகளின் தேர்வுக்குப் போய் ஆடிக்காட்டினார். ஒப்பந்தம் கிடைக்கவில்லை. திரும்பி வந்து மறுபடி ரயில்வேக்கும் இந்தியாவுக்கும் ஆடினார். 2014இல் அர்ஜுனா விருது. மூன்று நகரத்தில் மூன்று தடவை 'இல்லை' என்று கேட்டுவிட்டு வந்து, அதே ஆட்டத்தை அதே கவனத்தோடு இங்கே ஆடினாரே, அந்த மனசை எந்த ஃபார்மிலும் எழுதிக் கொடுக்க முடியாது.

இரண்டாமவர் நம்மில் ஒருவர். தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாணத்தின் புன்னாலைக்கட்டுவன். 1979இல் பிறந்தவர். ஆறடி பத்தங்குலம். அவர் ஆடியது கூடைப்பந்தின் தங்கையான வலைப்பந்து. இங்கிலாந்துப் பெண்கள் கல்லூரிகளில் கூடைப்பந்திலிருந்து பிரிந்து வளர்ந்த ஆட்டம். அதே பத்தடி வளையம், பின்னால் பலகை கிடையாது, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது. மண் தரையில் பந்து எழும்பாமல் பாஸ் கொடுத்தே பழகிய எங்களுக்கு அந்த ஆட்டத்தைப் பார்க்கும்போது சொந்த ஊரைப் பார்ப்பதுபோல இருக்கும்.

அவர் வளர்ந்த காலம் எப்படிப்பட்டது என்று நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்த வருஷங்களில் ஒரு பெண் ஏழடியை நெருங்கி வளர்ந்துகொண்டிருந்தார். நம் தெருக்களில் உயரமான பெண் என்றால் என்னென்ன கேட்பார்கள் என்பது தெரியும். குனிந்து நடக்கச் சொல்லாத வீடு குறைவு. அவர் நிமிர்ந்து நடந்து இலங்கையின் கோல் ஷூட்டர் ஆனார். 2009இல் ஆசிய சாம்பியன் அணி. 2011 உலகப் போட்டியில் உலகத்தின் சிறந்த ஷூட்டர்களில் முதல்வர். கொழும்பில் செலான் வங்கிக்காக ஆடினார், அங்கேயும் வங்கிதான். பிறகு மெல்பர்னுக்குப் போய் சிட்டி வெஸ்ட் ஃபால்கன்ஸ் அணியில் ஆடினார், காலிங்வுட் அணியோடு பயிற்சி பெற்றார். வெளிநாட்டு லீக்கில் ஆடிக்கொண்டே 2018இல் இலங்கைக்கு மறுபடி ஆசியக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். 2022இல் சிங்கப்பூரில் மறுபடியும். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. அலுவலக அணியிலேயே இருந்திருந்தால் நாற்பத்து மூன்றில் அவர் ஆடிக்கொண்டிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். பெரிய ஆட்டக்காரிகளோடு வாரா வாரம் மோதியதுதான் அவரை நிற்க வைத்தது என்று நம்புகிறேன்.

இனி அண்ணன் கதையைச் சொல்லிவிட வேண்டும். கீது ரிங்வுட் போன காலத்தை ஒட்டித்தான். அண்ணன் மாநில அணியில் ஆடி, ஃபார்ம் டூ கையில் வைத்திருந்தார். மாலத்தீவில் ஒரு கிளப்பிலிருந்து கேட்டார்கள். இரண்டு மாத லீக். தூத்துக்குடியிலிருந்து பார்த்தால் அது ஒரு எட்டுத் தூரம். முன்பு அங்கே ஆடிவிட்டு வந்த ஒருவர் சொல்லி வந்த வாய்ப்பு. அதே வாரத்தில் ஒரு பொதுத்துறை அலுவலகத்தில் ஆள் எடுப்புக்கு டிரயல்ஸ். இரண்டுக்கும் போக முடியாது.

பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து தென்னை மட்டையில் ஓலை கிழித்துக்கொண்டிருந்தார். அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றார்.

"ரெண்டு மாசம் ஆடிட்டு வந்தா மூணாம் மாசம் யாருய்யா சோறு போடுவா?"

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "போய்ப் பாக்கணும்னு இருக்கும்மா," என்றார்.

"பாத்துட்டு வந்து?"

டிரயல்ஸுக்குத்தான் போனார். வேலை கிடைத்தது. தங்கச்சிக்குக் கல்யாணம் செய்தார், ஓட்டு வீட்டை மாற்றிக் கட்டினார், வத்திராயிருப்புப் பையன்களுக்கு வருஷத்துக்கு இரண்டு பந்து வாங்கித் தருகிறார். பெரியம்மா கேட்ட கேள்வி சரியான கேள்வி. இன்றைக்கும் என்னிடம் அதற்குப் பதில் இல்லை. ஆனால் அந்த அலுவலகத்தில் ஆறு மாதம் கழித்துச் சேருகிறேன் என்றோ, சேர்ந்தபின் இரண்டு மாதம் போய் ஆடிவிட்டு வருகிறேன் என்றோ கேட்க ஒரு வழி இருந்திருந்தால், அண்ணன் அதைக் கேட்டிருப்பார். பின்னாளில் ஒருமுறை கேட்டும் பார்த்தார். மேலதிகாரி அந்தத் தாளை வாசிக்காமலே திருப்பிக் கொடுத்தார். அன்று மாலை பயிற்சிக்கு அண்ணன் வரவில்லை. அவர் பயிற்சிக்கு வராமல் இருந்து நான் கண்டது அன்று மட்டும்தான்.

அரசு ஊழியர் வேறு பணிக்குப் போனால் பழைய இடத்தைக் குறிப்பிட்ட காலம் பிடித்து வைக்க 'லீயன்' என்ற ஏற்பாடு இருக்கிறது. படிக்கப் போகிறவருக்கு விடுப்பு உண்டு. ஆட்டக்காரனுக்கு இருபத்திரண்டிலிருந்து முப்பது வரை எட்டு வருஷம்தான் தொழிலின் உச்சம். அதில் இரண்டு வருஷம், சம்பளம் இல்லாமல், நாற்காலியை மட்டும் பிடித்து வைத்துக் கொடுத்தால் போதும். ஜப்பானின் பி.லீக் 2020இல் ஆசிய ஆட்டக்காரர்களுக்குத் தனி இடம் ஒதுக்கியதும் பிலிப்பைன்ஸ் பையன்கள் வரிசையாகப் போனார்கள். முதலில் தேர்டி ராவெனா, அவர் பின்னால் ஒரு கூட்டம். ஒருவர் போய் வந்தால் பின்னால் பத்துப் பேர் போவார்கள். பெரியம்மாவின் கேள்விக்கு நம் வங்கிகளும் ரயில்வேயும் பதில் சொல்லும் இடத்தில் இருக்கின்றன. அவர்கள் சொல்ல வேண்டும்.

இன்னொரு கோரிக்கை போய் வந்தவர்களிடம். பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வரும் கலைஞனை நிறுத்தி, எந்த வழியாகப் போக வேண்டும், வழியில் எங்கே சோறு கிடைக்கும், எந்த மலையில் எந்த ஆபத்து, கொடுப்பவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லி அனுப்புவது. வழி தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்ல வேண்டும் என்பதை ஒரு இலக்கிய வகையாகவே வைத்திருந்த மொழி நம்முடையது. ரிங்வுட்டிலும் டோக்கியோவிலும் மாலேயிலும் ஆடிவிட்டு வந்தவர்களே, அதை எழுதுங்கள். எந்த மொழியில் எழுதினாலும் தமிழில் கொண்டுவர ஆள் இருக்கிறோம். ஏஜென்ட் எவ்வளவு கேட்டான், ஒப்பந்தத்தில் எந்த வரியைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டீர்கள், காயம் பட்ட வாரத்தில் யார் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள், முதல் இரவு அந்த வீட்டில் தனியாகப் படுத்தபோது எப்படி இருந்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள்.

வத்திராயிருப்புப் பள்ளியில் இப்போது ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்தி ஐந்தடி பதினொன்று. போன மாதம் அண்ணன் வாங்கிக் கொடுத்த பந்தில்தான் பழகுகிறாள். ஃபார்ம் டூ என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மெல்பர்ன் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டாள்.